மீட்டர் எழுதிய இருபத்தாறு

மீட்டருக்கு வயது பத்து. சுவரில் மாட்டியிருக்கும் மின்சாரப் பெட்டியைச் சொல்லவில்லை. இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, எந்நேரமும் காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரியும் பெண்ணைச் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இந்தப் பட்டப்பெயர் வரக் காரணம் அம்மாவின் கார்.

அம்மா பிசியோதெரபிஸ்ட். கை கால் சரியாக இயங்காதவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. காலையில் கிளம்பினால் மொத்தம் ஏழு வீடுகள், கிட்டத்தட்ட நூற்று எண்பது கிலோமீட்டர். மின்சாரக் கார். காலையில் நூறு சதவீதம் சார்ஜுடன் புறப்படும். ஓட ஓட அந்த நூறு குறைந்துகொண்டே வரும்.

குறைந்துகொண்டே வருவதுதான் அம்மாவுக்கு ஆகாது.

"அந்த நம்பரைப் பாத்துக்கிட்டே ஓட்டினா எனக்கு ரோடே கண்ணுல படமாட்டேங்குது," என்று சொல்லி, கார்த் திரையில் சார்ஜ் எண் தெரியும் மூலையில் ஒரு மீன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். பல்லைக் காட்டிச் சிரிக்கிற மீன். வாலைத் தூக்கினால் அடியில் எண் தெரியும். தூக்கிப் பார்ப்பது மீட்டரின் வேலை.

சாயங்காலம் கார் வாசலில் வந்து நின்றதும் மீட்டர் ஓடுவாள். மீனைத் தூக்கி எண்ணைப் பார்ப்பாள். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் நோட்டில் எழுதுவாள். சார்ஜரைச் செருகுவாள். அதற்குள் அம்மா பையோடும் பயிற்சிப் பந்துகளோடும் வீட்டுக்குள் போயிருப்பார்.

"எவ்வளவு மிச்சம்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"இருபத்தாறு!"

"அப்பாடா!"

ஒரு வருடமாக இதே கதைதான். இருபத்தைந்து, இருபத்தாறு, எப்போதாவது இருபத்தேழு. நோட்டில் ஒரு எண்கூடத் தப்பில்லை. மீட்டருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் அவளுக்கு ஒரு குறையும் இருந்தது. தினமும் காலையில் அம்மா அவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது, பக்கத்து வீட்டுப் பையன் அங்கே காத்திருப்பான். வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"சோப்பு டப்பா வந்தாச்சு! வழி விடுங்க, சோப்பு டப்பா வந்தாச்சு!" என்று ஒலிபரப்புவான்.

கார் வெள்ளையாக, சிறிதாக, மூலைகள் மழுங்கலாக இருக்கும். உண்மையிலேயே சோப்பு டப்பா போலத்தான் இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

ஒரு நாள் டயர்கள் நான்கும் வழவழவென்று தேய்ந்துபோய்விட்டதை அப்பா கவனித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஏதோ பயிற்சி வகுப்பு. அப்பாதான் காரை டயர் கடைக்கு ஓட்டிப் போனார். மீட்டரும் கூடப் போனாள்.

அப்பாவுக்கு பேக்கரியில் வேலை. மாவைத் தொட்டே அது எப்போது பொங்கும் என்று சொல்லிவிடுவார். டயரைத் தொட்டால் ஒன்றும் தெரியாது.

"காருக்கு நீதானே டாக்டர். நீயே பாத்துச் சொல்லு," என்று மீட்டரிடம் விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து பேக்கரியிலிருந்து போன். அடுப்பு சூடாகவில்லையாம். அப்பா காதில் போனை வைத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடக்க ஆரம்பித்தார்.

கடையை நடத்துவது ஒரு அக்கா. நீல நிற மேலங்கி, முழங்கை வரை கருப்பு மை. அவர் இரண்டு டயர்களைக் கொண்டுவந்து வைத்தார்.

ஒன்று மெலிந்த கோடுகள் போட்ட சாதாரண டயர். மற்றொன்று! கட்டை கட்டையாகப் புடைத்துக்கொண்டு, பாறைமேல் ஏறுகிற வண்டியில் இருப்பதுபோல முரடாக இருந்தது. மீட்டருக்கு அதைப் பார்த்ததும் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"இதுதான் வேணும்!"

"பாக்க நல்லாத்தான் இருக்கும். இங்க பாரு," என்று அக்கா சாதாரண டயரை நிமிர்த்தி, தரையில் ஒரு தள்ளு தள்ளினார். அது உருண்டு போய் எதிர்ச் சுவரில் மோதி நின்றது. அதே வேகத்தில் முரட்டு டயரைத் தள்ளினார். அது பாதி வழியிலேயே தள்ளாடி, பொத்தென்று சாய்ந்தது.

"பாத்தியா? இது உருளறதுக்கே நிறைய பலம் கேக்கும். பெட்ரோல் வண்டின்னா கொஞ்சம் அதிகமா பெட்ரோலைக் குடிச்சிட்டுப் போகும். உங்க கார்ல சார்ஜைத் தின்னும். ஒரு சார்ஜுல போற தூரம் நல்லாவே குறையும். அம்மா தினமும் ரொம்ப தூரம் போறாங்கன்னு சொன்னியே? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு." அக்கா தன் போனை நீட்டினார்.

மீட்டர் போனை வாங்கிக்கொண்டு டயர் அடுக்குக்குப் பின்னால் போனாள். அம்மாவின் எண்ணை அழுத்தினாள். ஒரு தடவை மணி அடித்தது. இரண்டாவது மணி அடித்தது. கேட்டால் அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார். மீட்டருக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

மூன்றாவது மணி அடிப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

"அம்மா சரின்னு சொல்லிட்டாங்க," என்றாள்.

தெருவிலிருந்து திரும்பி வந்த அப்பாவும், "அம்மாவே சரின்னுட்டாளா? அப்புறம் என்ன? மாட்டிடுங்க," என்றார்.

அப்பா பார்த்து வாங்கியது என்று நினைத்து அம்மா டயரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை ரேடியோ வாயைப் பிளந்து நின்றான். ஒலிபரப்பே வரவில்லை. மீட்டர் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கினாள். அந்தச் சந்தோஷம் சரியாகச் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

சாயங்காலம் மீனைத் தூக்கினாள். பதினாறு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பதினாறேதான்.

"எவ்வளவு மிச்சம்?" உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

பதினாறு என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். டயர் என்று தெரியும். டயர் என்று தெரிந்தால் போன் விஷயம் தெரியும்.

"இருபத்தாறு," என்றாள்.

"அப்பாடா!"

அந்த 'அப்பாடா' அவள் காதில் சூடாக விழுந்தது. நோட்டில் இருபத்தாறு என்று எழுதினாள். பென்சில் முனை ஒடிந்துவிட்டது. இன்னொரு பென்சில் எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஒரு மூலையில் எறும்பு அளவுக்கு '16' என்று எழுதினாள். பொய்யை எழுதிய கையால் உண்மையையும் எங்காவது எழுதி வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

மூன்று வாரம் இப்படியே போனது. முன்பக்கம் இருபத்தாறு, கடைசிப் பக்கம் பதினாறு. "உங்க கார் செம!" என்று ரேடியோ சொன்னபோது மீட்டருக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கார் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் ஓடுவாள். இப்போது மெதுவாக நடந்து போனாள்.

நாலாவது வாரம் ஒரு நாள் அம்மா நோட்டைக் கையில் எடுத்தார். மீட்டருக்கு உயிரே போய்விட்டது. அம்மா பார்த்தது முன்பக்கத்தை மட்டும்தான்.

"தினமும் இருபத்தாறு மிச்சம் இருக்கு. மலைமேல ஒரு வீடு இருக்கு. போய்ட்டு வர பன்னெண்டு பர்சென்ட் சார்ஜ் ஆகும். தாராளமாப் போகலாம்," என்றார் அம்மா. "அஞ்சு வயசுப் பொண்ணு. கால்ல ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. இப்பவே நடக்கப் பழக்கணும். தூரம்னு சொல்லி யாரும் போக மாட்டேங்கறாங்க. பாவம்!"

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் மீட்டர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினாறில் பன்னிரண்டு போனால் நாலு. நாலு இருக்கிறதே, எப்படியும் வந்துவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். முரட்டு டயர் மலை ஏறும்போது இன்னும் அதிகமாகத் தின்னும் என்பது அவள் கணக்கில் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. கார் வரவேண்டிய நேரத்தில் தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. லாரியின் முதுகில் அம்மாவின் கார் உட்கார்ந்திருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் தலை நனைந்து அம்மா உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் வந்து பாருங்க! காரு லாரில சவாரி போகுது!" என்று ரேடியோ கத்த, தெருவே ஜன்னலுக்கு வந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் இறங்கி, குனிந்த தலையோடு உள்ளே போனார். எப்போதும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கையாட்டிவிட்டுத்தான் அம்மா உள்ளே போவார்.

அப்பா துண்டை எடுத்து நீட்டினார். "என்ன ஆச்சு?"

"மலையில பாதி ஏறும்போது கார் பீப் பீப்னு கத்திச்சு. சார்ஜ் பத்துக்குக் கீழ போனாத்தான் அப்படிக் கத்தும். மீனைத் தூக்கிப் பாத்தேன். எட்டுன்னு காட்டுது. எப்படி எட்டாகும்? நம்ம நோட்டு அப்படிச் சொல்லலையே? மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஓட்டிக்கிட்டே போனேன்." அம்மா தலையைத் துவட்டினார். "கடைசியில நடுவழியில நின்னுடுச்சு. அந்தக் குழந்தை கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னுக்கிட்டே இருந்துச்சாம். பேட்டரிக்கு வயசாயிடுச்சு போலிருக்கு."

கதவோரம் நின்றிருந்த மீட்டர் தரையைப் பார்த்தாள். தரை பிளந்து தன்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். தரை அப்படியே இருந்தது.

அம்மா போனை எடுத்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா. இனிமே என்னால அவ்வளவு தூரம் வர முடியாது. கார் தாங்கல. வேற யாரையாவது..."

போனுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் மீட்டருக்கும் கேட்டது. "நாளைக்கு வருவாங்களாம்மா?"

அம்மா போனை வைத்தார்.

"அம்மா," என்றாள் மீட்டர். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். உருண்ட டயர், சாய்ந்த டயர், மூன்றாவது மணிக்கு முன்னால் வைத்த போன், பதினாறு, இருபத்தாறு. சொல்லி முடிக்கும்போது முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தது. அழுகைகூட வரவில்லை. அழுவதற்கே வெட்கமாக இருந்தது.

"சூடு வெச்ச மீட்டர்னு ஆட்டோவுலதான் கேள்விப்பட்டிருக்கேன்," என்று ஆரம்பித்த அப்பா, மகளின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"காரு கத்திச் சொல்லுச்சு. நான் காரை நம்பல. உன்னை நம்பினேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய் ஈரப் பையிலிருந்து சாமான்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.

மீட்டர் காருக்கு ஓடினாள். நோட்டை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து அம்மா எதிரில் வைத்தாள்.

"இதுதான் நிஜ நம்பர். டயர் மாத்தின மறுநாள்லேர்ந்து எழுதியிருக்கேன். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் இருபத்தாறு, அப்புறம் பதினாறு. அப்ப டயர்தானே காரணம்? சரியான டயர் போட்டா மலைமேல போகலாம். அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லுங்கம்மா, ப்ளீஸ். என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. அந்தப் பாப்பாகிட்ட வர மாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அம்மா அந்த எறும்பு எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். பிறகு மறுபடியும் போனை எடுத்தார்.

சனிக்கிழமை மூன்று பேரும் டயர் கடைக்குப் போனார்கள். வாசலிலேயே அம்மா நின்றுவிட்டார். "போ. நீயே சொல்லு."

அந்த நாலு அடி தூரத்தை நடப்பதற்குள் மீட்டருக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, அன்னிக்கு நான் அம்மாகிட்ட கேக்கவே இல்ல. பொய் சொல்லிட்டேன்."

டயர் கடை அக்கா மை படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "அதானே! அம்மாவும் பொண்ணும் ஒரே நிமிஷத்துல பேசி முடிச்சிட்டாங்களேன்னு அன்னிக்கே எனக்கு அதிசயமா இருந்துச்சு. உங்க அப்பாகிட்டயாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு." பிறகு குனிந்து அந்த முரட்டு டயர்களைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் தேயல. கல் உடைக்கற இடத்து மேஸ்திரி ஒருத்தர் இதே அளவு தேடிக்கிட்டு இருக்கார். அவர் ரோட்டுக்கு இதுதான் லாயக்கு. அவருக்குக் குடுத்துடலாம். இப்ப நீ சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

மீட்டர் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டவில்லை.

"எது ரொம்ப தூரம் உருளும்?" என்று மீட்டர் கேட்டாள்.

அக்கா ஒரு டயரைக் காட்டினார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் எழுத்துகள் இருந்தன. "உருளறதுல இதுக்கு ஏ. முதல் மார்க். இதைவிட லேசா எதுவும் உருளாது."

கை தானாக அந்த டயரை நோக்கிப் போனது. மீட்டர் கையை இழுத்துக்கொண்டாள். போன தடவையும் பார்த்தவுடனே பிடித்ததைத்தான் எடுத்தாள். சீட்டைக் கடைசி வரை படித்தாள். மழை படம் போட்ட இடத்தில் டி என்று இருந்தது.

"அக்கா, இந்த மழை படம் என்ன?"

"ஈரத்துல பிரேக் போட்டா எவ்வளவு சீக்கிரம் நிக்கும்னு அர்த்தம். இது அதுல கொஞ்சம் சுமார்தான்."

"அம்மா மலை ரோட்டுல போவாங்க. அங்க மழை பெய்யும். இறங்கும்போது வழுக்கினா?" மீட்டர் யோசித்தாள். "ரெண்டுலயும் நல்லா இருக்கறது இல்லையா? உருளறதுல கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல."

அக்கா உள்ளே போய் இன்னொரு டயரை உருட்டி வந்தார். உருள்வதில் பி, மழையில் ஏ.

"எடை தாங்குமா? காருக்கு அடியில பேட்டரி இருக்கே."

"தாங்கும். அதுக்குன்னே செஞ்சது." அக்கா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காத்தை மட்டும் சரி பாக்கணும். காத்து குறைஞ்சா எந்த நல்ல டயரும் சார்ஜைத் தின்னும்."

"அது என் வேலை," என்று சொல்ல வந்த மீட்டர், நாக்கைக் கடித்துக்கொண்டாள். இப்போது எந்த வேலையும் அவளுடையது இல்லை. வியாழக்கிழமையிலிருந்து நோட்டு அம்மாவின் பைக்குள் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கார் வந்து நின்றது. மீட்டர் வாசற்படியிலேயே நின்றாள். அம்மா இறங்கவில்லை. காருக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையில் நோட்டு.

"வந்து பாத்துச் சொல்லு," என்றார் அம்மா.

மீட்டர் மீனைத் தூக்கினாள். "இருபத்தி நாலு. இருபத்தாறு வரல அம்மா. ரெண்டு குறையுது."

"பன்னெண்டு போனா பன்னெண்டு மிச்சம் இருக்குமே. போதும்." அம்மா காரிலிருந்து இறங்கினார். "நாளைக்கு நான் மலைமேல போறேன்."

"நானும் வரட்டுமா? அன்னிக்கு ஏன் வரலைன்னு அந்தப் பாப்பாகிட்ட நான்தான் சொல்லணும்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா அவளை ஏற்றிக்கொண்டார். மலைப்பாதை முழுக்க மீட்டர் பீப் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தாள். வரவில்லை.

அந்தக் குட்டிப்பெண் வலது காலில் பட்டை கட்டிய காலணியோடு, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முன்பல் இரண்டும் இல்லை.

"அன்னிக்கு எங்கம்மா வராததுக்கு நான்தான் காரணம்," என்றாள் மீட்டர். "நான் பொய் சொன்னதால கார் நின்னுபோச்சு. உன்னை ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்கோ."

குட்டி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கால் வலிச்சுது," என்றாள் கறாராக. பிறகு, "உனக்கு எண்ணத் தெரியுமா? அப்ப எனக்கு எண்ணு," என்றாள்.

பத்து அடி நடக்க வேண்டும். அம்மா திரும்பி உட்கார்ந்து, பையிலிருந்து பந்துகளை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். குட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மீட்டர் எண்ணுவதற்குள் அவளே எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஏழு, எட்டு, பத்து!" என்று சொல்லித் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை ஆச்சு?" என்று அம்மா திரும்பாமலே கேட்டார்.

குட்டி உதட்டில் விரலை வைத்து, மீட்டரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பார்க்கவே பாவமாக இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. மீட்டருக்குக் காது மறுபடியும் சூடாகியது. அந்தக் கண்சிமிட்டலை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏழு, அம்மா," என்றாள். குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். "இன்னும் மூணுதான். வா, நான் பிடிச்சுக்கறேன்."

"நீ ரொம்ப மோசம்!" குட்டி நாக்கைத் துருத்தினாள். துருத்திக்கொண்டே அவள் கையைப் பிடித்து எழுந்தாள். எட்டு. ஒன்பது. பத்து. பிறகு கையை உதறிவிட்டு, யாரையும் பிடிக்காமல், இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"பதினொண்ணு!" என்றாள் மீட்டர்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தைக் கீழே வைத்துவிட்டு, பதினொன்று என்று அப்படியே எழுதிக்கொண்டார்.